சோம்பல் ஒழிப்பில் விலங்குகளின் பங்கு: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

வரையறை

சோம்பலின் கேட்டைக் குழந்தைகளுக்கு உணர்த்துவதற்காக விலங்குகளைப் பேசவும் ஓடவும் தூங்கவும் வைக்கும் கதை ‘சோம்பல் நீதிக்கதை’ எனப்படும். இதில் பெரும்பாலும் இரண்டு உயிர்கள் இருக்கும். ஒன்று உழைக்கும், மற்றது உழைக்காது. உழைக்காதது கதை முடிவதற்குள் பட்டினி கிடக்கும், தோற்கும், நனையும் அல்லது வலையில் சிக்கும். உழைத்தது அதைப் பார்த்து ஒரு வாக்கியம் பேசும். அந்த வாக்கியமே நீதி. உழைத்த உயிர் உழைக்காத உயிருக்கு உதவி செய்வது இவ்வகையின் இலக்கணத்துக்கு மாறானது. செய்துவிட்டால் அது நட்பைப் பற்றிய கதையாகிவிடும். வேறு பாடத்தில் வைக்க வேண்டிவரும்.

சோம்பலை வரையறுப்பது எளிதன்று. அசையாமல் இருப்பதெல்லாம் சோம்பல் ஆகாது. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் கொக்கு நாழிகைக் கணக்கில் நின்றபடியே நிற்கும். அதைத் திருக்குறளின் காலமறிதல் அதிகாரமும் மூதுரையும் தருணம் அறிந்து காத்திருப்பதற்குச் சான்றாகக் காட்டுகின்றன. அதே கரையில் அதே நேரம் தண்ணீருக்குள் கிடக்கும் எருமைக்கு இந்த மரியாதை வாய்க்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால் நடைமுறை வரையறை கிடைக்கிறது: முடிவில் மீன் அகப்பட்டால் அது பொறுமை, அகப்படாவிட்டால் சோம்பல்.

தோற்றமும் வருகையும்

பழந்தமிழ் இலக்கியம் விலங்குகளை இந்த வேலைக்கு அமர்த்தவில்லை. புறநானூற்றின் 173ஆம் பாடலில், மழைக்கு முன் முட்டைகளைச் சுமந்துகொண்டு மேட்டு நிலம் நோக்கி வரிசையாகப் போகும் எறும்புகள் வருகின்றன, குழந்தைகளும் வருகிறார்கள். ஆனால் குழந்தைகள் எறும்புகளிடம் பாடம் கற்கவில்லை. கையில் சோற்றுடன் வரிசையாகப் போகும் குழந்தைகளுக்கு அந்த எறும்பு வரிசை உவமை, அவ்வளவுதான். திருக்குறள் சோம்பலுக்கு எதிராக ‘மடியின்மை’ என்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. அதன் பத்துக் குறள்களிலும் ஒரு விலங்கும் சாட்சிக்கு அழைக்கப்படவில்லை. ஔவையாரின் ஆத்திசூடி ஒரே வரியில் சோம்பலைத் தடை செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

விலங்குகள் பாடநூலுக்குள் கூட்டமாக நுழைந்தது 19ஆம் நூற்றாண்டில். சென்னைக் கல்விச் சங்கத்தின் தமிழாசிரியர் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826இல் வெளிவந்தது. ஈசாப்பின் கிரேக்க விலங்குகள் ஆங்கிலப் பள்ளிப் புத்தகங்களின் வழியே வந்து சேர்ந்தன. பிறகு எந்த விலங்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை எவரும் விசாரிக்கவில்லை. திண்டுக்கல் மாவட்டத்துக் குழந்தைக்குக் கிரேக்க ஆமையும் வடநாட்டு மீனும் வேடசந்தூர் வெட்டுக்கிளியும் ஒரே வாயிலிருந்துதான் கிடைக்கின்றன.

இந்த ஏற்பாட்டை எதிர்த்த முதல் பெரிய குரல்களில் ஒன்று பிரான்சிலிருந்து வந்தது. லா ஃபோன்தேன் 1668இல் வெளியிட்ட நீதிக்கதைத் தொகுப்பு, சிள்வண்டும் எறும்பும் கதையோடுதான் தொடங்குகிறது. 1762இல் வெளியான ‘எமில்’ நூலில் ரூசோ அக்கதையைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். குழந்தை எறும்பின் பக்கம் சேர்ந்து, இல்லையென்று வந்தவரை விரட்டவும் விரட்டும்போது கேலி செய்யவும் கற்றுக்கொள்ளும் என்பது அவர் கவலை. பாட்டிகள் ரூசோவைப் படிக்காததால் கதை தொடர்ந்து வழங்கி வருகிறது.

முதன்மைக் கதைகள்: கள ஆய்வு

1. எறும்பும் வெட்டுக்கிளியும். கோடையில் எறும்பு தானியம் சேர்க்கிறது, வெட்டுக்கிளி பாடித் திரிகிறது. குளிர்காலத்தில் வெட்டுக்கிளி பசியோடு எறும்பின் வாசலில் நிற்கிறது. திண்டுக்கல் சமவெளியில் பனி பெய்து பயிர் பச்சை அழியும் குளிர்காலம் கிடையாது என்பதால் தமிழில் சொல்பவர்கள் அதை மழைக்காலம் என்று திருத்திக்கொண்டனர். இத்திருத்தம் கதையின் அடித்தளத்தையே தகர்த்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் மானாவாரிக் காடும் வரப்பும் பச்சை பிடிக்கின்றன. புல் தின்னும் வெட்டுக்கிளிக்கு அதுவே விருந்துக் காலம். அது எறும்பின் வாசலில் நிற்க வேண்டுமென்றால் பங்குனி, சித்திரையில் நிற்க வேண்டும். கதைப்படி அப்போதோ அது பாடிக்கொண்டிருக்கிறது.

எறும்பின் நற்சான்றிதழும் மறு ஆய்வுக்கு உரியது. கிரேக்க மூலத்தில் இருப்பது வெட்டுக்கிளி அன்று, சிள்வண்டு. சிள்வண்டு மரப்பட்டையைத் துளைத்துச் சாறு எடுப்பதையும், ஓசிச் சாற்றுக்காக எறும்புகள் மொய்த்து அதைத் தொந்தரவு செய்து விரட்டுவதையும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாபர் நேரில் கண்டு எழுதினார். யாசித்தது யார் என்பதில் ஈசாப்புக்கும் ஃபாபருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தவர் ஃபாபர். இது போதாதென்று, அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டேனியல் சார்போனோவும் அன்னா டோர்ன்ஹவுஸும் ஓர் எறும்பினத்துக்கு வண்ணப் புள்ளி வைத்துக் கண்காணித்து 2015இல் முடிவை வெளியிட்டனர். வேலைக்கார எறும்புகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு பெரும்பாலான நேரம் எந்த வேலையும் செய்யாமல் இருந்தன. உழைப்பாளிகளை அகற்றியபோது இவற்றில் சில எழுந்து அந்த இடத்தை நிரப்பின என்று அடுத்த ஆய்வு காட்டியது. ஆகவே இவை சோம்பேறிகள் அல்ல, சேமப்படை என்ற விளக்கம் நிலவுகிறது. இதே விளக்கத்தை விடுமுறை நாளில் கட்டிலில் கிடக்கும் மாணவன் சொன்னால் வீட்டில் செல்லுபடியாவதில்லை.

உள்ளூர் எறும்பைப் பொறுத்தவரை இன்னொன்றும் சேர்க்க வேண்டும். விடியற்காலையில் வாசல் தெளித்து அரிசி மாவில் கோலம் போடும் தெருக்களில் எறும்புக்கு நாள்தோறும் இலவச அரிசி கிடைக்கிறது. அட்டை கிடையாது, கைரேகையும் வேண்டாம். இலவசம் வாங்கினால் உழைக்கத் தோன்றாது என்ற பரவலான கருத்துக்கு எறும்பு இதுவரை ஒத்துழைக்கவில்லை.

2. முயலும் ஆமையும். ஓட்டப் பந்தயத்தில் முந்திய முயல் நடுவழியில் தூங்கித் தோற்கிறது. சமவெளியின் புதர்க்காட்டில் வாழ்வது குழிமுயல். அது அந்தி சாய்ந்த பின் மேயப் புறப்படும். பகலில் புதரடியில் உடம்பளவு பள்ளத்தில் ஒடுங்கிக் கிடக்கும். பந்தயம் பகலில் நடந்ததாகவே கதை சொல்பவர் அனைவரும் ஒருமனதாகக் கூறுகின்றனர். எனவே முயல் தூங்கியது தன் வழக்கமான உறக்க நேரத்தில்தான். மூன்று ஷிப்ட் ஓடும் வேடசந்தூர் வட்டார நூற்பாலையில் இரவு வேலை முடித்து வந்தவர் பகலில் படுப்பதைப் போன்றது இது. அந்த வீட்டில் அவரை எழுப்பும் குழந்தைக்குத்தான் திட்டு விழும்.

ஆமையின் நிலையும் உறுதியானதன்று. தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளுக்கு உரியது நட்சத்திர ஆமை. வெயில் கடுமையான நாட்களில் அது காலையிலும் மாலையிலும் மட்டுமே நடமாடும். உச்சி வேளையில் நிழல் தேடி ஒதுங்கிவிடும். சித்திரை மாதத்து மதியத்தில் பந்தயம் வைத்திருந்தால் முயல் ஒரு புதரிலும் ஆமை மறு புதரிலும் தங்கியிருக்கும். எல்லைக்கோட்டில் நின்ற நடுவர் மட்டும் வெயிலில் வாடியிருப்பார். நீதி யாருக்குப் போய்ச் சேரும் என்பது தெளிவு.

3. உப்பு மூட்டைக் கழுதை. உப்புச் சுமந்த கழுதை ஆற்றில் விழுகிறது. உப்பு கரைந்து சுமை குறைகிறது. கண்டுகொண்ட கழுதை தினமும் விழுகிறது. முதலாளி பஞ்சு மூட்டை ஏற்றுகிறார். நனைந்த பஞ்சு கனத்துக் கழுதையை வாட்டுகிறது. ஈசாப்பில் இது கடற்பஞ்சு. தமிழில் பருத்திப் பஞ்சு. நூற்பாலை நிறைந்த மாவட்டத்துக்கு இந்த மாற்றம் பொருத்தமே.

இடர்ப்பாடு ஆற்றில் இருக்கிறது. பழனி மலையின் கீழ்ச்சரிவில் தோன்றி, ஆத்தூர், வேடசந்தூர் வழியாக அமராவதியில் கலக்கும் குடகனாறு மழையை நம்பிய ஆறு. ஆண்டின் பெரும்பகுதியில் அதில் விழும் கழுதைக்கு மணல்தான் கிடைக்கும். சுமை குறையாது, முட்டிதான் சிராயும். நீர் இருந்தாலும் கணக்கு இடிக்கிறது. சாதாரண வெப்பநிலையில் 100 மில்லி நீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்பே கரையும். 50 கிலோ மூட்டை முழுதும் கரைய 140 லிட்டர் வேண்டும். அது 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் ஒன்பது குடத்துக்கும் மேல். குழாயடியில் குடம் வரிசை வைத்துக் காத்திருக்கும் தெருவில் ஒரு கழுதையின் சோம்பலுக்கு இவ்வளவு தண்ணீர் விட எவரும் சம்மதிக்க மாட்டார்கள். குடகனாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் உப்பாகிப்போனதை ஆராய்ந்தவர்கள் திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவைக் காரணம் காட்டியுள்ளனர். கழுதையின் பங்கு அந்த ஆய்வுகளில் குறிப்பிடப்படவில்லை.

பொருளாதார நோக்கில் முதலாளிக்கு முதலில் உப்பு போயிற்று, பிறகு பஞ்சும் நனைந்து போயிற்று. கழுதைக்கு ஒரு நாள் முதுகு வலித்தது. பாடம் யாருக்கு விலை கூடியது என்பதைக் கதை சொல்பவர் கவனமாகத் தவிர்த்துவிடுகிறார். சோம்பேறி எனப்பட்ட கழுதை உழைப்பாளி எனப்பட்ட எறும்பாக உயர்ந்த நிகழ்வு ஒன்று தமிழ்ப் பழமொழியில் உண்டு; கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. தமிழர் அதை முன்னேற்றமாகக் கருதாமல் சரிவுக்கே எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவது மேலும் ஆராயத்தக்கது.

4. குரங்கும் தூக்கணாங்குருவியும். மழையில் நனைந்து நடுங்கும் குரங்கைப் பார்த்து, கூடு கட்டியிருக்கலாமே என்று குருவி அறிவுரை சொல்கிறது. குரங்கு குருவியின் கூட்டைப் பிய்த்தெறிகிறது. விவேக சிந்தாமணியிலும் இடம்பெற்ற கதை இது. சோம்பலைக் கண்டிக்கத் தொடங்கி, சோம்பேறிக்கு அறிவுரை கூறாதே என்று முடிவதால் கதை சொல்பவரையே கண்டிக்கும் ஒரே நீதிக்கதை என்ற சிறப்பு இதற்கு உண்டு.

சமவெளியின் கிணற்று ஓரங்களிலும் பனை, கருவேல மரங்களிலும் தொங்கும் கூடுகளைக் கட்டுவது ஆண் குருவி. பாதிக் கூட்டைப் பெண் குருவி வந்து பார்வையிடும். பிடித்தால் குடியேறும், பிடிக்காவிட்டால் போய்விடும். குடியேறியதும் ஆண் நுழைவுக் குழாயை முடித்துக் கொடுத்துவிட்டு, அருகிலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை எதிர்பார்க்கும். முட்டையை அடைகாப்பது பெண்ணின் பொறுப்பு. இந்த வாழ்க்கை முறையை 1930களின் தொடக்கத்தில் பறவையியலாளர் சாலிம் அலி மும்பைக்கு அருகே கிகிமில் கண்டறிந்து எழுதினார். உழைப்பின் சின்னமாகக் குருவியைக் காட்டும் பாடநூல்கள், உழைப்பின் நோக்கத்தைப் பற்றிய பகுதியை வயது கருதி விட்டுவிட்டன.

குரங்கின் தரப்பு வலுவாக உள்ளது. நாட்டுக் குரங்கு கூடு கட்டும் இனமன்று. 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைப் பாதையில், எந்த வளைவில் வண்டி வேகம் குறையும், எந்த வண்டியில் வாழைப்பழம் இருக்கும் என்று அது அறிந்திருக்கிறது. சிறுமலை வாழை புவிசார் குறியீடு பெற்றது. புவிசார் குறியீடு பெற்ற உணவை வண்டியில் வரவழைத்து உண்ணும் ஓர் உயிருக்கு, கூடு இல்லையே என்று அறிவுரை சொல்ல முன்வந்தது குருவியின் தவறு.

5. மூன்று மீன்கள். பஞ்சதந்திரக் குளத்தில் மூன்று மீன்கள். நாளை வலை வீசுவோம் என்று செம்படவர் பேசுவதைக் கேட்டதும் முதல் மீன் வேறு நீர்நிலைக்குப் போய்விடுகிறது. இரண்டாவது வலையில் செத்ததுபோல் கிடந்து தப்புகிறது. விதிப்படி நடக்கட்டும் என்றிருந்த மூன்றாவது அகப்படுகிறது. நத்தம், சாணார்பட்டி வட்டாரங்களில் கோடையில் குளம் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடைபெறும். சுற்று வட்டார மக்கள் கூடையும் வலையும் கச்சாவுமாக ஒரே நேரத்தில் இறங்குவார்கள். இங்கே முதல் மீன் தப்பிப் போக வேண்டிய அடுத்த குளமும் வற்றியிருக்கும். செத்ததுபோல் கிடக்கும் மீனைக் கரையில் எறிந்துவிட்டுப் போகிறவர் இல்லை. எல்லா மீனும் அன்று மாலைக்குள் குழம்பாகும். முன்யோசனை, சமயோசிதம், சோம்பல் ஆகிய மூன்று குணங்களும் ஒரே சட்டியில் ஒன்றாகக் கொதிப்பதால் நீதியைப் பிரித்தெடுக்க இயலவில்லை.

கதை கிடைக்காத உயிர்கள்

சோம்பலுக்கு அதிகமாகப் பெயர் கெட்ட சில உயிர்களுக்கு நீதிக்கதையே இல்லை. எருமை முதலாவது. அதன் தோலில் வியர்வைச் சுரப்பிகள் குறைவு என்பதால் உடல் சூட்டைத் தணிக்கத் தண்ணீரிலும் சேற்றிலும் கிடக்கிறது. அசை போடுவதற்கே நாளில் பல மணி நேரம் வேண்டும். எழுப்ப எழுப்ப எழாத பிள்ளையை எருமை என்று அழைத்துவிட்டு அருந்தப்படும் காபியில் உள்ள பால் பல வீடுகளில் அந்த எருமையுடையது.

இரண்டாவது கரடி. ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில விலங்கியலாளர் 1791இல் இந்தியக் கரடியின் நீண்ட நகங்களையும் பற்களையும் பார்த்துவிட்டு, அதைத் தென் அமெரிக்க மரங்களில் தொங்கும் அசையாக்கரடியின் உறவாக எண்ணிப் பெயர் வைத்தார். பிழை பின்னர் திருத்தப்பட்டும் ஆங்கிலத்தில் சோம்பல் பட்டம் நிலைத்துவிட்டது. பழனி மலைத்தொடரில் இக்கரடியைக் கண்டு ஓடியவர்கள் அதன் வேகத்தைப் பற்றி வேறு கருத்துக் கொண்டுள்ளனர்.

மூன்றாவதும் இம்மாவட்டத்துக்கு மிக உரியதும் தேவாங்கு. நீளம் ஏறத்தாழ ஒரு சாண், எடை கால் கிலோவைச் சுற்றி. பகல் முழுவதும் முள்மரக் கிளைகளுக்கிடையே சுருண்டு தூங்கும். இரவில் மெல்லக் கிளை மாறி இரை தேடும். இதற்காகவே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. பகலெல்லாம் தூங்கும் ஓர் உயிரைப் பாதுகாக்க அரசாணை வெளியானது நீதிக்கதை வரலாற்றில் திருப்புமுனை என்றாலும் பாடநூல்கள் இன்னும் கவனிக்கவில்லை.

தேவாங்கின் உணவே இந்த ஆய்வின் மையச் சிக்கல். 1990களின் பிற்பகுதியில் அய்யலூர் வனப்பகுதியில் தேவாங்குகளை இரவு இரவாகப் பின்தொடர்ந்த ஆன் நெக்காரிஸ், அவை தின்றதில் பாதிக்கும் மேல் எறும்பும் கறையானும் என்று பதிவு செய்தார். மேலே சொன்ன கரடியின் முக்கிய உணவும் இவையே. அதாவது, சோம்பேறிகள் என்று பெயர் வாங்கிய இரண்டு விலங்குகள், உழைப்பாளிகள் என்று பெயர் வாங்கிய இரண்டு பூச்சிகளைத் தின்று வாழ்கின்றன. இரவிலும் ஓயாமல் கிளையேறி உழைத்த எறும்பு தேவாங்கின் கைக்கு எட்டுகிறது. புற்றுக்குள் சும்மா இருந்த சேமப்படை எறும்பு அன்றைய இரவு பிழைத்தது என்று கொள்ள இடமுண்டு. இதிலிருந்து கிடைக்கும் நீதியை எந்த வகுப்பில் வைப்பது என்பது கல்வித் துறையின் முடிவுக்கு உரியது.

வழங்கும் முறை

இக்கதைகள் மூன்று மரபுகளில் வழங்குகின்றன: அப்பத்தா மரபு, அம்மாச்சி மரபு, பாடநூல் மரபு. முதல் இரண்டுக்கும் விலங்குகளில் வேறுபாடு இல்லை. கதை முடிவில் எந்தப் பேரன் முயலுக்கு ஒப்பிடப்படுகிறான் என்பதில்தான் வேறுபாடு. பாடநூல் மரபில் கதைக்குப் பின் கேள்விகள் வரும். முயல் ஏன் தோற்றது என்பது அவற்றில் நிலையானது. தூக்கம் வந்ததால் என்ற விடைக்கு மதிப்பெண் குறையும். சோம்பலால் என்ற விடைக்கு முழு மதிப்பெண்.

விலங்குகளை நம்பாத நான்காம் முறை ஒன்றும் இம்மாவட்டத்தில் முயலப்பட்டது. 1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டி அருகே நிறுவிய காந்திகிராமத்தில், காந்தியின் ஆதாரக் கல்வி வழியில் குழந்தைகளுக்குக் கைத்தொழிலே பாடமானது. உழைப்பைக் கற்பிக்க உழைக்கவே வைப்பது இதன் கொள்கை. எறும்பு தேவைப்படவில்லை. கதை சொல்வதைக் காட்டிலும் இதில் பெரியவர்களுக்கு வேலை கூடுதல் என்பதால் வீடுகளில் இம்முறை பரவவில்லை.

கதை சொல்லப்படும் நேரம் தனிக் கவனத்துக்கு உரியது. பந்தயத்தின் நடுவே தூங்கியது பெருங்குற்றம் என்று விளக்கும் கதை, குழந்தையைத் தூங்க வைப்பதற்காகவே சொல்லப்படுகிறது. சொல்பவர் படுத்திருக்கிறார், கேட்பவரும் படுத்திருக்கிறார், மின்விசிறி மட்டும் உழைக்கிறது. முயல் கண் மூடும் கட்டத்தில் குழந்தையும் கண் மூடினால் கதை வெற்றி பெற்றதாகக் கருதப்படுகிறது. ஆமை வென்றதைக் கேட்கும்வரை விழித்திருக்கும் குழந்தைக்கு இன்னும் தூங்கலையா என்ற கண்டனம் கிடைக்கிறது. ஒரே உறக்கம் இரவு ஒன்பதரைக்கு நற்பண்பாகவும் காலை ஆறரைக்குத் தீய பண்பாகவும் மாறுவதால், இக்கதைகளில் சோம்பல் எனப்படுவது விலங்கின் உடலில் இல்லை, எழுப்புபவரின் கடிகாரத்தில் இருக்கிறது என்று முடிவு செய்யலாம். எழுப்ப ஆளில்லாத தேவாங்கு சோம்பேறியும் அன்று, சுறுசுறுப்பானதும் அன்று; அது தேவாங்காக இருக்கிறது.

பயன்

நீதி சொல்லப்படும் நேரத்தில் குழந்தை உறங்கிவிடுவதால், அது முழுவதும் சொன்னவரிடமே தங்கிவிடுகிறது. மறுநாள் காலை அவர் அதைச் சுருக்கப் பதிப்பாக வெளியிடுகிறார்: “ஏண்டா எரும, மணி என்னாச்சு, எந்திரிடா!” எறும்பு, முயல், ஆமை, கழுதை, குரங்கு, மீன் அனைத்தும் நீங்கி, கதையே இல்லாத ஒரு விலங்கு மட்டும் இப்பதிப்பில் எஞ்சுகிறது. பயன்பாட்டில் நீண்ட பதிப்பைவிட இதுவே மேலானது. ஏழரைக்குப் பள்ளி வேன் வரும் தெருக்களில் இதைவிட விரிவான கதைக்கு நேரமும் இல்லை.